டாலிகஞ்சில் ஆமைக் குஞ்சு வளர்க்கும் வீடுகளுக்கு ஒரு திறந்த மடல்

கொல்கத்தாவின் டாலிகஞ்ச், லேக் கார்டன்ஸ், லேக் மார்க்கெட் வட்டாரத்துத் தமிழ்க் குடும்பத்தாருக்கு,

கொலுவுக்கும் பிறந்தநாளுக்கும் உங்கள் வீடுகளுக்கு வந்துபோகும்போது டிவிக்குப் பக்கத்தில் அந்தப் பெட்டியைப் பார்க்கிறேன். நீல அடிப்பாகம், நடுவே வழுக்குகிற ஒரு மேடை, அதன்மேல் பிளாஸ்டிக் தென்னை மரம். இரண்டு விரற்கடை தண்ணீர். ஒரு மூலையில் ஐந்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக ஓர் ஆமைக் குஞ்சு, முன்னங்கால்களால் சுவரைப் பிறாண்டிக்கொண்டே இருக்கும். "பாருங்க மாமா, டான்ஸ் ஆடுது" என்று பிள்ளைகள் காட்டுவார்கள். அது டான்ஸ் இல்லை. அந்தப் பெட்டியில் அதற்கு வேண்டிய எதுவுமே கிடையாது, வெளியேற வழி தேடுகிறது. விருந்துக்குப் போன இடத்தில் இதைச் சொல்ல முடியவில்லை. அதனால் எல்லாருக்குமாகச் சேர்த்து எழுதுகிறேன்.

உங்கள் வீட்டில் இருப்பது அநேகமாகச் சிவப்புக் காது ஆமை. கண்ணுக்குப் பின்னால் சிவப்புத் தீற்றல், பச்சை ஓடு, மஞ்சள் அடிவயிற்றில் கட்டத்துக்கு ஒன்றாகக் கரும்புள்ளி. இதன் ஊர் அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் படுகை. அங்கே பண்ணைகளில் பொரிக்க வைத்து உலகமெங்கும் அனுப்புகிறார்கள். நம் நாட்டுக்கு வந்து சேரும் வழி அவ்வளவு யோக்கியமானதில்லை. சென்னை, திருச்சி விமான நிலையங்களில் பெட்டிக்குள் நூற்றுக்கணக்கில் அடுக்கிக் கொண்டுவரப்பட்ட குஞ்சுகளைச் சுங்கத்துறையினர் பிடித்த செய்தி அடிக்கடி வருகிறது. பிடிபடாமல் போவதுதான் கடைக்கு வருகிறது.

ஞாயிற்றுக்கிழமை காலை பாக்பஜார் பக்கம் காலிஃப் ஸ்ட்ரீட் சந்தைக்குப் போய் வந்தவர்களுக்கு விற்கிறவரின் பேச்சு தெரியும். "பௌதி, இது இவ்வளவுதான் வளரும். ரெண்டு நாளைக்கு ஒரு தடவை தண்ணி மாத்துங்க, இந்த டப்பா தீனியைப் போடுங்க, வேறெதுவும் வேண்டாம்." மூன்றுமே பொய். பெண் ஆமை ஒழுங்காக வளர்ந்தால் இருபத்தைந்து சென்டிமீட்டர் தாண்டும். சாப்பாட்டுத் தட்டு அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். நன்றாகப் பராமரித்தால் முப்பது வருஷம் இருக்கும். இன்றைக்கு ஐந்தாம் வகுப்புப் படிக்கிற உங்கள் மகன் வேலைக்குப் போய், கல்யாணமாகி, தன் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும்போதும் அந்த ஆமை உங்கள் வீட்டில்தான் இருக்கும். ஆமையின் ஆயுள் கொல்கத்தாக்காரர்களுக்குப் புதிதில்லை. ராபர்ட் கிளைவ் வளர்த்தது என்று சொல்லப்பட்ட அத்வைதா, அலிப்பூர் மிருகக்காட்சி சாலையில் 2006 மார்ச் மாதம்தான் இறந்தது.

இன்னொன்றையும் முதலிலேயே சரிபார்த்துவிடுங்கள். உங்களிடம் இருப்பது நம் ஊர் ஆமை இல்லையே? முதுகின் நடுவே கூரை முகடுபோல் தூக்கி நின்றால் அது கூரை ஆமை. அதற்கும் கண்ணுக்குப் பின்னால் செம்மஞ்சள் பட்டை உண்டு, பட்டையை மட்டும் வைத்து முடிவுகட்டாதீர்கள். ஓடு கல்லாக இல்லாமல் தோல் போர்த்தியதுபோல் வழவழப்பாக இருந்து, மூக்கு சின்னக் குழாயாக நீண்டிருந்தால் அது பாலாமை. இரண்டும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை. வீட்டில் வைத்திருப்பதே குற்றம், மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறை. குழந்தைக்கு ஆசையாக வாங்கினோம் என்ற பதில் எடுபடாது. உடனே வனத்துறையிடம் ஒப்படைத்துவிடுங்கள்.

இனி, சிவப்புக் காதுக்காரன் ஏற்கெனவே வந்துவிட்ட வீடுகளுக்கு.

தொட்டியிலிருந்து தொடங்குவோம். வளர்ப்பவர்கள் காலங்காலமாக வைத்திருக்கும் கணக்கு, ஓட்டின் நீளம் ஒரு அங்குலத்துக்குப் பத்து காலன், அதாவது சுமார் நாற்பது லிட்டர் தண்ணீர். இரண்டடி நீளத் தொட்டி குஞ்சுக்கு இப்போதைக்குப் போதும். ஆனால் ஒரு வருஷத்திலேயே போதாமல் போகும், மறுபடி செலவு. மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் என்று இப்போதே கண்ணாடித் தொட்டி செய்துவிடுவது லாபம். அதில் முக்கால்பங்கு நிரப்பினாலே நூற்று நாற்பது லிட்டர். கண்ணாடியும் மேசையும் சேர்ந்தால் இருநூறு கிலோவை நெருங்கும். டாலிகஞ்சின் பழைய வீடுகளில் தொங்கு பால்கனியில் இதை வைக்க நினைக்காதீர்கள். சுவரோரம், தரையில் உறுதியாக நிற்கிற இரும்பு ஸ்டாண்டில் வையுங்கள். ஆமை சில நூறு ரூபாய்தான், தொட்டிக்கும் விளக்குக்கும் ஃபில்டருக்கும் பல ஆயிரம் ஆகும். இந்த இடத்தில்தான் பல அப்பாக்கள் பின்வாங்குகிறார்கள். வாங்குவதற்கு முன் பின்வாங்கியிருந்தால் பாராட்டியிருப்பேன்.

"அவ்வளவு ஆழத்தில் குஞ்சு முழுகிவிடாதா?" என்று ஒரு பாட்டி கேட்டார். நியாயமான கேள்வி. இது நீந்தப் பிறந்த ஆமை. ஓட்டின் நீளத்தைப்போல் இரண்டு மடங்காவது ஆழம் இருந்தால்தான் கவிழ்ந்து விழுந்தாலும் புரண்டு நிமிர முடியும். இரண்டு விரற்கடைத் தண்ணீரில் மல்லாந்துவிட்டால் நிமிர இடமில்லாமல் மூச்சுமுட்டிச் சாவதுதான் நடக்கும். ஆழத்தைவிட ஆபத்தானவை இடுக்குகள். அலங்காரப் பாறை, பிளாஸ்டிக் கோட்டை, ஃபில்டருக்கும் கண்ணாடிக்கும் நடுவிலுள்ள சந்து என்று எதிலாவது தலையை நுழைத்துச் சிக்கிக்கொண்டால் மேலே வந்து மூச்சுவிட முடியாது. ஆகவே தொட்டிக்குள் சாமான் குறைவாக இருக்கட்டும். கலர் கூழாங்கல் வேண்டவே வேண்டாம். வாய்க்குள் போகிற அளவுள்ள எதையும் இது விழுங்கிப் பார்க்கும், குடல் அடைத்துக்கொள்ளும். வெறும் கண்ணாடித் தரை பார்க்க மொட்டையாக இருக்கும். ஆனால் சுத்தம் செய்வது சுலபம்.

தண்ணீர். நம் பகுதிக்குக் கார்டன் ரீச்சிலிருந்து வருகிற மாநகராட்சிக் குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். அதை ஒரு வாளியில் பிடித்து ஒரு நாள் திறந்து வையுங்கள், அல்லது மீன்கடையில் விற்கும் குளோரின் நீக்கிச் சொட்டை விடுங்கள். குளோரின் ஆமையின் கண்ணை உறுத்தும். அதைவிட முக்கியம், ஃபில்டருக்குள் குடியிருக்கும் நுண்ணுயிரைக் கொன்றுவிடும். அந்த நுண்ணுயிர்தான் தொட்டியின் உண்மையான துப்புரவுப் பணியாளர். ஆமையின் கழிவிலிருந்து அமோனியா கிளம்பும், அது விஷம். ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும், இன்னொரு வகை அதை அவ்வளவு தீங்கில்லாத நைட்ரேட்டாக மாற்றும். இவை ஸ்பாஞ்சில் குடியேறி நிலைபெற ஒரு மாதம், ஒன்றரை மாதம் பிடிக்கும். அதுவரை அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் மாற்றிக்கொண்டிருக்க வேண்டும். பிறகு வாரம் ஒருமுறை மூன்றில் ஒரு பங்கு மாற்றினால் போதும்.

நம் வீட்டு அம்மாக்களின் சுத்தம் இங்கே எதிரியாகிவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் தொட்டியைக் காலிசெய்து, சோப்புப் போட்டுத் தேய்த்து, ஸ்பாஞ்சைக் குழாயடியில் வெள்ளையாகும்வரை பிழிந்து வைப்பார்கள். செவ்வாய்க்கிழமை தொட்டி மறுபடி நாறும். ஏன் நாறுகிறது என்று புரியாமல் வியாழக்கிழமை மறுபடி தேய்ப்பார்கள். தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரிலேயே ஸ்பாஞ்சை இரண்டு முறை அலசிவிட்டு அப்படியே மாட்டுங்கள். அழுக்காகத் தெரிந்தால் தெரிந்துவிட்டுப் போகட்டும். மீனைவிட ஆமை பல மடங்கு அசிங்கம் செய்யும் என்பதால் ஃபில்டரை மட்டும் தொட்டியின் அளவுக்குப் பரிந்துரைப்பதைப்போல் இரண்டு மடங்கு சக்தியுள்ளதாக வாங்குங்கள்.

அடுத்தது இருப்பதிலேயே முக்கியமானது, அந்தப் பிளாஸ்டிக் பெட்டியில் அறவே இல்லாதது. ஆமை தண்ணீரைவிட்டு முழுசாக வெளியே வந்து, ஓடு மேலும் கீழும் காய்ந்து போகிற மாதிரி உட்கார ஒரு திட்டு வேண்டும். கால் வழுக்காத சொரசொரப்பு வேண்டும். மெருகில்லாத மண் ஓடு, உடைந்த பூந்தொட்டியின் பாதி, இவை போதும். காளிகாட்டில் பானை விற்பவரிடம் கேட்டால் சாய்வாக வைக்கத் தோதான துண்டு கிடைக்கும். சாயம் பூசியது மட்டும் கூடாது. அது சரியாமல் நிற்கிறதா என்று கையால் அழுத்திப் பாருங்கள். அந்தத் திட்டுக்கு மேலே வெப்பம் தரும் ஒரு ஹாலஜன் பல்பு. திட்டின்மேல் முப்பத்திரண்டு முதல் முப்பத்தைந்து டிகிரி. பக்கத்திலேயே புற ஊதா பி கதிர் தரும் ஊர்வன விளக்கு, திட்டிலிருந்து ஓர் அடிக்குள். இரண்டையும் காலையில் போட்டு மாலையில் அணைக்க வேண்டும், பத்துப் பன்னிரண்டு மணி நேரம்.

அந்தக் கதிர் இல்லாவிட்டால் ஆமையின் உடம்பில் வைட்டமின் டி3 உண்டாகாது. அது இல்லாமல் சாப்பிடும் சுண்ணாம்புச் சத்து எலும்பில் சேராது. ஓடு ரப்பர்போல் மெத்தென்று ஆகும், பிறகு கோணும், பிறகு கால் இழுக்கும். சந்தையில் வாங்கி ஆறே மாதத்தில் "திடீரென்று" செத்துப்போகும் குஞ்சுகளில் பல திடீரென்று சாகவில்லை. "எங்கள் வீடு தெற்கு திறந்த வீடு, நல்ல வெயில் வருகிறது" என்பீர்கள். நம் வட்டாரத் தரகர்கள் அதற்காகவே வாடகையை ஏற்றிச் சொல்கிறார்கள், தெரியும். ஆனால் ஜன்னல் கண்ணாடி அந்தக் கதிரைத் தடுத்துவிடும். கண்ணாடி வழியாக வருவது வெளிச்சமும் சூடும் மட்டுமே. விளக்கும் கண்ணுக்கு எரிந்துகொண்டே இருந்தாலும் ஆறு மாதம், ஒரு வருஷத்தில் கதிர் வற்றிவிடும். வாங்கிய தேதியை விளக்கின் அடியில் எழுதி ஒட்டுங்கள். தொட்டிக்கும் விளக்குக்கும் நடுவே கண்ணாடி மூடி வேண்டாம், கம்பி வலை போடுங்கள்.

இவ்வளவும் செய்து முடித்த ஒரு வீட்டில் இரண்டாம் நாள் பார்த்தேன். குஞ்சு திட்டின்மேல் ஏறி, கழுத்தை முழுநீளத்துக்கு நீட்டி, பின்னங்கால் இரண்டையும் காற்றில் பின்பக்கம் நீட்டி, விரல்களை விரித்து, சவ்வெல்லாம் தெரிய விளக்கின் அடியில் அசையாமல் கிடந்தது. கால் விளங்காமல் போய்விட்டதோ என்று அந்த வீட்டுப் பெண் பயந்து போன் செய்திருந்தாள். ஆமை சுகமாக இருந்தால் இப்படித்தான் கிடக்கும்.

காலை இளவெயிலில் அரை மணி நேரம் மொட்டைமாடிக்கு எடுத்துப் போவதும் நல்லதுதான். அகலமான டப்பில் தண்ணீர் ஊற்றி, பாதிக்கு நிழல் கட்டி வையுங்கள். கண்ணாடித் தொட்டியை வெயிலில் வைத்தால் சீக்கிரமே தண்ணீர் ஆபத்தான அளவுக்குச் சூடேறிவிடும். பக்கத்திலேயே ஒரு ஆள் உட்கார்ந்திருக்க வேண்டும். கொல்கத்தாக் காக்கையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கொல்கத்தாப் பருவத்துக்கென்று சில சங்கதிகள். தண்ணீரின் சூடு குஞ்சுக்கு இருபத்தாறு, இருபத்தெட்டு டிகிரி. டிசம்பர், ஜனவரி இரவுகளில் நம் ஊர் பன்னிரண்டு, பதின்மூன்றுக்கு இறங்கும்போது குஞ்சு தின்பதை நிறுத்தும், சளி பிடிக்கும். தெர்மோஸ்டாட் உள்ள ஹீட்டர் ஒன்று அந்த இரண்டு மாதத்துக்குக் கட்டாயம் வேண்டும். மேலே பிளாஸ்டிக் கூடு போட்டதாக வாங்குங்கள், இல்லாவிட்டால் முட்டி உடைத்துவிடும். ஏப்ரல், மே மாதங்களில் நேர்மாறு. தண்ணீர் முப்பதைத் தாண்டினால் விளக்கு நேரத்தைக் குறையுங்கள், தண்ணீர்ப் பரப்பின்மேல் ஒரு மேசை விசிறியைத் திருப்பி வையுங்கள். மழைக்காலத்தில் துணியே காயாத ஊரில் ஓடு எங்கே காயும்? ஜூலை, ஆகஸ்டில் வெப்ப பல்பை அணைக்காதீர்கள், ஈரத்திலேயே கிடந்தால் ஓட்டில் பூஞ்சை ஏறும். மின்கம்பிகள் பிளக்குக்குக் கீழே தொங்கி மேலேறி வருமாறு விடுங்கள், அப்போதுதான் கம்பிவழி ஓடும் நீர் பிளக்குக்குள் போகாமல் கீழே சொட்டும். தொட்டிக்குள் கைவிடும் முன் சுவிட்சை அணையுங்கள்.

சாப்பாடு. கடையில் தரும் காய்ந்த இறால் டப்பா நொறுக்குத் தீனி, அதில் வயிறு நிரம்பும், சத்து சேராது. ஆமைக்கென்று செய்த பெல்லட்தான் அடிப்படை. குஞ்சுக்குத் தினம் ஒருமுறை, அதன் தலையளவு. இந்த ஆமையால் தண்ணீருக்கு வெளியே விழுங்க முடியாது, ஆகவே தண்ணீரில்தான் போட வேண்டும். வாரத்தில் ஓரிரு நாள் லேக் மார்க்கெட் மீன்காரரிடம் பொடி இறால் வாங்கி, உப்பு மஞ்சள் எதுவும் போடாமல் தோலோடு நறுக்கிக் கொடுங்கள். எப்போதாவது ஒரு மௌரலா மீனை முள்ளோடு கொடுக்கலாம். சைவ வீடுகளில் இங்கே ஒரு சங்கடம் வரும். மீன் வாசனை வீட்டுக்குள் ஆகாது என்றால் பெல்லட்டோடு நிறுத்திக்கொள்ளலாம், பெல்லட்டிலேயே மீன் இருக்கிறது. ஆனால் தயிர்சாதமும் இட்லியும் மூரிப் பொரியும் ஊட்டி இதைச் சைவமாக்கப் பார்க்காதீர்கள். வளர வளரத் தானாகவே கீரைப்பக்கம் திரும்பும். அப்போது கல்மிக் கீரை, துருவிய கேரட், பூசணி எல்லாம் பழக்குங்கள். பசலைக் கீரையைக் குறையுங்கள், சுண்ணாம்புச் சத்தைச் சேரவிடாது. பறவைக் கடையில் தொங்கும் கணவாய் ஓட்டில் ஒரு துண்டைத் தண்ணீரில் மிதக்கவிட்டால் வேண்டும்போது கடித்துக்கொள்ளும்.

குழந்தைகள் உள்ள வீட்டில் ஒரு கண்டிப்பு அவசியம். பார்க்க ஆரோக்கியமாக இருக்கும் ஆமையின் உடம்பிலும் தண்ணீரிலும் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம். குஞ்சுகளைக் குழந்தைகள் வாயில் வைத்து நோய்வாய்ப்பட்டதால், நான்கு அங்குலத்துக்குக் குறைவான ஆமையைச் செல்லப்பிராணியாக விற்க அமெரிக்கா 1975இலேயே தடை போட்டது. ஏற்றுமதிக்கு மட்டும் அந்தத் தடை இல்லை! தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். தொட்டித் தண்ணீரைச் சமையலறை சிங்க்கில் கொட்டக் கூடாது. ஐந்து வயதுக்குக் கீழான பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் இதைக் கையில் எடுக்கவே வேண்டாம்.

கண் வீங்கி மூடியிருந்தால், ஒரு பக்கம் சாய்ந்தே மிதந்தால், மூக்கில் குமிழி வந்தால், ஓட்டில் வெள்ளைத் திட்டு விழுந்து நாறினால் மருந்துக்கடைக்குப் போகாதீர்கள், மருத்துவரிடம் போங்கள். நம் மகாநாயக் உத்தம்குமார் நிலையத்தில் மெட்ரோ ஏறினால் மாறாமலே பெல்காச்சியாவில் இறங்கலாம். அங்கேதான் மேற்கு வங்கக் கால்நடை, மீன்வள அறிவியல் பல்கலைக்கழகம் இருக்கிறது, 1893இல் தொடங்கிய பழைய கால்நடைக் கல்லூரியின் வாரிசு.

ஆமை புகுந்த வீடு உருப்படாது என்று ஊரில் பாட்டிகள் சொன்னார்கள். வடக்குத் திசையில் ஆமை வைத்தால் பணம் கொட்டும் என்று இப்போது வாஸ்துக்காரர் சொல்கிறார். இரண்டுக்கும் அந்தப் பிராணி பொறுப்பில்லை. ஆனால் பணம் கொட்டாத வருஷத்தில், தொட்டி நாறுகிற ஒரு மாலையில், ஆமையை ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு ரவீந்திர சரோவர் ஏரியில் விட நடக்கிறவர்கள் இருக்கிறார்கள். புண்ணியம் என்றுகூட நினைக்கிறார்கள். உலகின் மிக மோசமான நூறு அந்நிய ஊடுருவல் உயிரினங்களின் பட்டியலில் சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இந்த ஆமையைச் சேர்த்திருக்கிறது. வெயில் காயும் இடத்துக்கும் இரைக்கும் நம் ஊர் ஆமைகளோடு மல்லுக்கு நின்று அவற்றை ஒதுக்கும், நோயையும் பரப்பும். கேரளத்தில் திருச்சூர் அருகே வாய்க்காலில் இவை தென்பட்ட பிறகு, பீச்சியில் உள்ள வன ஆராய்ச்சி நிறுவனம் வீடுகளில் வளர்ப்பவர்களிடமிருந்தே கேட்டு வாங்கத் தொடங்கியது. ஆதிகங்கையில், அதுதான் நம் மெட்ரோ தூண்களுக்கு அடியில் ஓடும் டாலி நாலாவில் விடலாமே என்றால், அந்தச் சாக்கடையில் விடுவது கொல்வதற்குச் சமம்.

வங்கத்துக்கென்று சொந்தமாக ஓர் ஆமை இருக்கிறது. சுந்தரவனத்தின் பாட்டாகுர் பாஸ்கா. அழிந்தேவிட்டது என்று நினைத்திருந்த வேளையில் 2008இல் சாஜ்னேகாலி குளத்தில் சிலவற்றைக் கண்டுபிடித்து, வனத்துறையும் ஆமைப் பாதுகாப்பு அமைப்பினரும் வருஷக்கணக்காக இனப்பெருக்கம் செய்து, 2022 ஜனவரியில் பத்து ஆமைகளை முதுகில் கருவி பொருத்தி ஆற்றில் விட்டார்கள். பத்தைக் காப்பாற்ற அவ்வளவு பாடு. பிள்ளைகளுக்கு ஆமை காட்ட வேண்டுமானால் ஒரு குளிர்கால விடுமுறையில் சாஜ்னேகாலிக்கு அழைத்துப் போங்கள்.

ஆகவே இன்னும் வாங்காதவர்கள் வாங்காதீர்கள். வாங்கிவிட்டவர்கள் அடுத்த சம்பளத்தில் தொட்டியும் இரண்டு விளக்கும் ஃபில்டரும் வாங்கிவிடுங்கள், அதுவரை அந்தப் பிளாஸ்டிக் பெட்டிக்குப் பதில் ஒரு பெரிய துணி துவைக்கும் டப்பும் நடுவே ஒரு மண் ஓடும் போதும். வேலை மாறி வேறு ஊருக்குப் போகிறீர்கள், வளர்க்க முடியவில்லை என்றால் வெட்கப்படாமல் நம் தமிழ்ச் சங்கக் கூட்டங்களில் வாய்விட்டுக் கேளுங்கள். பெரிய தொட்டி வைத்திருக்கும் வீடுகள் நம்மிடையே இருக்கின்றன. சரோவருக்கு மட்டும் கொண்டுபோகாதீர்கள்.

அன்புடன்,
உங்களில் ஒரு டாலிகஞ்ச்வாசி